பத்து நொடித் தோப்பு

மத்தியானம் கல்லூரி முடிந்து வந்து என் காரின் கதவைத் திறந்தேன். உன் தலையணை மணந்தது. காலையிலிருந்து வெயிலில் மூடிக் கிடந்த வண்டி. இலவம் பஞ்சும் உன் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை, கொஞ்சம் பழந்துணி வாடையோடு. பொதட்டூர்பேட்டை லுங்கித் துணியில், பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்டது, ஓட்டுகிற இருக்கையின் மேல் கிடக்கிறது. ஒரு மூலையில் தையல் விட்டுப் பஞ்சு தெரிகிறது. நீயாக இருந்தால் அன்றைக்கே ஊசியைத் தேடியிருப்பாய். நான் தைக்கவில்லை. தைத்தால் அது என்னுடையதாகிவிடும் என்று ஒரு எண்ணம். இப்படியெல்லாம் நினைக்கிறவள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

போனவர்களுக்குக் கடிதம் எழுதுவதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. நீ படிக்கப்போவதில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்ட ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்ல வேறு வழி தெரியாததால் எழுதுகிறேன்.

தோப்பிலிருந்து தொடங்க வேண்டும். ஆறுவழிச் சாலைக்கு அளக்க வந்தவர்கள் உங்கள் மாந்தோப்பில் மஞ்சள் கல் நட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதினார்கள். அதைக் கேள்விப்பட்டு நான் வந்த அன்று, உன் கணவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தாய்மாமன் மகன் என்பதால் சின்ன வயதிலிருந்து அவரை நீ பாவா என்றுதான் கூப்பிட்டாய். கட்டிக்கொண்ட பிறகும் அதை மாற்றவில்லை. அவர் அப்படி உட்கார்ந்திருக்க, நீ அழாமல் சாலைப் பொறியாளர் பக்கத்தில் போய் நின்றாய்.

"சார், இந்த ரோட்ல எவ்ளோ வேகத்துல போலாம்?"

நூற்றிருபது வரைக்கும் போகலாம் என்றார் அவர்.

"அப்ப எங்க தோப்ப தாண்ட எவ்ளோ நேரம் ஆவும்?"

அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். மனத்துக்குள் கணக்குப் போட்டு, பத்து செகண்ட் என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

என்னைப் பேருந்து ஏற்றிவிட வரும்போதுதான் நீ வாய் திறந்தாய். "எங்க மாமனாரு ஆயுசு பூரா தண்ணி கட்டின தோப்புடி. பத்து செகண்டாம். அந்த பத்து செகண்ட நான் நல்லா ஓட்டணும். பஸ்ஸுல தூங்கிகினு தாண்டக் கூடாது."

துக்கத்தில் வந்த பேச்சு என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் மரங்கள் போய், மண் கொட்டி, பாலம் எழும்பி, கடைசியில் இழப்பீட்டுத் தொகை வந்தபோது நீ அதை மறந்திருக்கவில்லை. பாவாவுக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் வயல் வாங்கினாய். மகளுக்கு உரியதைக் கொடுத்தாய். மிச்சத்தில் உன் பங்கு என்று ஒன்றை எடுத்து வைத்தாய். அதுவே பெரிய தொகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, உனக்கு ஒரு கார் வேண்டும் என்றாய். வீட்டுக்கு ஆகிற கார் இல்லை, நன்றாக ஓடுகிற கார், கையில் கியர் போடுகிற கார். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தாய். நான் சிரிக்கவில்லை. வேறு எதற்காவது ஆகுமே என்று சொன்னேன். வேறு எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது என்றாய்.

நீ ஓட்டத் தெரியாமல் ஆசைப்பட்டவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு நான் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நீ கல்யாணமாகி டிராக்டரில் ஏறினாய். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உன் டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டியோடு வந்திருக்கிறேன். அங்கே வரிசையில் நின்றவர்களில் பொம்பளை நீ ஒருத்திதான். ஒருவர் உன்னைப் பார்த்து, "இன்னாக்கா, மாமா எங்க? வூட்ல சோறாக்கறாரா?" என்று கேட்டார்.

"ஆங், உனக்கும் சேத்துதான் ஒலை வெச்சிருக்காரு. போயி துன்னுட்டு வா. அதுக்குள்ள உன் டிரெய்லர நான் ரிவர்ஸ்ல உள்ள உட்டு வெக்கிறேன்."

அவர் அன்று காலையில் டிரெய்லரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் மூன்று முறை வாய்க்காலில் இறக்கியிருந்தார். வரிசை முழுவதும் சிரித்தது. நான் மட்டும் கீழே குனிந்து கரும்புத் தோகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். நீ பேசுவாய், எனக்குக் கூச்சம் வரும்.

காரை அறிந்தவள் நீ. அட்டவணை போட அறிந்தவள் நான். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவளுக்கு வேறு என்ன வரும்? பாதுகாப்பு, மைலேஜ், தரையிலிருந்து உயரம், பழுது பார்க்க எவ்வளவு தூரம் போக வேண்டும், விற்றால் என்ன கிடைக்கும் என்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண் என்று பிரித்து உன்னிடம் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாய்.

"இதுல சிரிப்புக்கு எந்த கட்டம்டி?"

எனக்குப் புரியவில்லை என்றேன். ஓட்டும்போது சிரிப்பு வர வேண்டும், வராவிட்டால் எதற்கு அந்தக் கார் என்றாய். கடைசியில் ஒரு கோடு இழுத்து 'சிரிப்பு' என்று எழுதினேன். எழுதும்போதே அதற்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணை ஒதுக்கினேன். அதை நீ கவனித்தாய் என்று நினைக்கிறேன்.

தலையணை அந்த வாரம் தைத்தது. ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு நீ. டிராக்டர் உயரத்தில் உட்கார்ந்து பழகிய உனக்கு, வேகமான கார்களின் பள்ளமான இருக்கையில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பது தெரியாது. அந்தக் கட்டம் போட்ட தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடிச் சுவர் வைத்த சென்னைக் கடைகளில் நீ நுழைந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது. முதல் கடையில் டை கட்டியவர் நம் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார். "சார் பின்னாடி வராங்களா மேடம்?"

"சாரு மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு இருக்காரு. நீ எங்களுக்கு வண்டியக் காட்டு."

அங்கே பார்த்தது சிவப்புக் கார். இரண்டே கதவு, தரையோடு தரையாக இருந்தது. நான் உயரம் என்பதால் பின்னால் மடங்கி உட்கார்ந்தேன். மிதித்தவுடன் முதுகை இருக்கையோடு அறைந்தது. ஆனால் கடைக்குத் திரும்பும் தெருவில் முதல் வேகத்தடையிலேயே அடிவயிறு உரசி ஒரு சத்தம் வந்தது. நம்ம ஊர்த் தெருவில் இது பாம்பு மாதிரி ஊர்ந்துதான் போக வேண்டும் என்று சொல்லி இறங்கிவிட்டாய். இரண்டாவது, அவர்கள் எல்லோருக்கும் விற்க விரும்பிய பெரிய கார். உள்ளே திரைகள், முதுகு பிடித்துவிடும் இருக்கை, தலைக்கு மேல் கண்ணாடிக் கூரை. கல்யாண மண்டபத்தை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்றாய். குறுக்கே ஓர் ஆட்டோ வந்ததும் அது தானாகவே பிரேக் போட்டது. நீ அதை ஒரு அவமானமாகவே எடுத்துக்கொண்டாய். "நான் பாத்துகினுதானே இருந்தேன்? இது யாரு நடுவுல?"

மூன்றாவது கார் நீலம். பார்த்தால் பள்ளிக்கூட ஆசிரியர் யாராவது ஓட்டிப்போகிற சின்ன வண்டி போலத்தான் இருந்தது. அகலமான டயரைத் தவிர எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆறு கியர், எல்லாம் கையால் போடுவது. நீ தலையணையைப் போட்டு உட்கார்ந்து, கிளட்சை இரண்டு முறை மிதித்துப் பார்த்துக் கிளம்பினாய். ஊருக்கு வெளியே ஒரு மேம்பாலம் இறங்கி வளைகிற இடத்தில் கியரைக் குறைத்தாய். இன்ஜினின் குரல் மாறியது. வண்டி வளைவில் ஒட்டிக்கொண்டு போனது. நீ சிரித்தாய்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் எழுத முடியவில்லை. ஆலை வாசலில் ஆட்களை மடக்கிவிட்டுச் சிரிப்பாயே, அது இல்லை. யாரும் பார்க்காதபோது சிரிக்கிற சிரிப்பு அது. பின்னால் உட்கார்ந்திருந்த விற்பனைக்காரரும் சிரித்துவிட்டார். நான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வேகமானி முள்ளைப் பார்த்தேன். அது நூறைத் தாண்டியிருந்தது.

"மத்ததெல்லாம் என்ன ஏத்திகினு போச்சிடி. இதத்தான் நான் ஓட்டினேன்," என்றாய். என் அட்டவணையை வாங்கி, சிரிப்புக் கட்டத்தில் பத்துக்கு நூறு என்று நீயே எழுதினாய்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். நீ எழுதியதை விட்டுவிட்டு, என் கணக்குப்படி கூட்டினால் அந்தக் கார் கடைசியில் வந்தது.

அந்த மாதிரி வண்டிகள் கொஞ்சம்தான் இறக்குமதி ஆகும், நீலத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். படிவம் நிரப்பிப் பதிவு செய்யும் வேலையை என்னிடம் விட்டாய். நான் தள்ளிப்போட்டேன். தேர்வுத்தாள் திருத்துகிறேன் என்றேன். உண்மை என்னவென்றால், அம்மா போன பிறகு எனக்கு ஊரில் இருந்த ஒரே ஆள் நீ. அந்த ஒரு ஆளை நூற்றிருபதில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பயமாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ கிண்டல் செய்திருப்பாய், அவ்வளவுதான். சொல்லவில்லை. வேறு ஒன்று செய்தேன்.

இதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது.

ஆனி மாதக் கடைசியில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ மாவு மில்லுக்குப் போயிருந்தாய். பாவா மட்டும் இருந்தார். "நீலக் கலராமே தங்கச்சி," என்று அவரே பேச்சை எடுத்தார். முகத்தில் ஒரு பெருமை இருந்தது. மலைமேல் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட வேண்டும், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், மாலை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்றெல்லாம் அவர் திட்டம் போட்டு வைத்திருந்தார். நான் சொன்னது ஒரே வாக்கியம்.

"ஆடி பொறக்கப் போவுதே அண்ணா, ஆடில யாராவது வண்டி எடுப்பாங்களா?"

அவருக்கு அது ஞாபகமே இல்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே காப்பியைக் குடித்து முடித்தேன். கரிநாள் என்று எல்லோரும் தடுத்த நாளில் போய் வேலையில் சேர்ந்தவள் நான். வகுப்பில் ராகு காலத்தைக் கேலி செய்கிறவள். என் வாய் சொன்னால் அவர் நம்புவார் என்று தெரிந்தே சொன்னேன்.

அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய். ஆடி கழியட்டும் என்று பாவா ஒரே பிடியாக நிற்கிறார் என்றாய். "நம்மூர்ல முருகனுக்கே ஆடிலதாண்டி விசேஷம். ஊரே மலை ஏறுது. காருக்கு மட்டும் இன்னா ஆவாது? நீ பேசுடி. நீதான் இதெல்லாம் நம்பாத ஆளாச்சே, நீ சொன்னா கேப்பாரு."

ஒரு மாதம்தானே, இருக்கட்டும் என்றேன்.

"சரிடி," என்றாய்.

ஆடிக் கிருத்திகைக்கு வழக்கம்போல் நீ பூக்காவடி எடுத்தாய். அடிவாரத்திலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மலைப்பாதை முழுக்க மஞ்சள் துணியும் அரோகரா சத்தமும். கார் இருந்திருந்தாலும் இன்றைக்கு மேலே விட மாட்டார்கள் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாய். உன் மனம் ஆறிவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்தது என்று கஷாயம் வைத்துக் குடித்தாய். பிறகு திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கொசுக் காய்ச்சல் என்றார்கள், ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன என்றார்கள்.

நான் வந்தபோது பாவா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். உன் உதடு வெடித்திருந்தது. கையில் ஊசி குத்திய இடமெல்லாம் நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் நீ கேட்டது அதைத்தான்.

"புக் பண்ணிட்டியாடி?"

"பண்ணிட்டேன்."

"எப்போ?"

"நேத்து."

நீ என் முகத்தையே பார்த்தாய். "உனக்குப் பொய் சொல்ல வராதுடி. மூக்கு சுருங்குது." சிரிக்கப் போய் இருமினாய். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாய்: "பரவால்ல. ஆடி போவட்டும். தலகாணிய மட்டும் எடுத்து வெய்யில்ல போடு. மழைக்கு நமுத்துப் போயிருக்கும்."

அப்போது சொல்லியிருக்கலாம். பாவா இல்லை, நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் போர்வையைச் சரி செய்தேன். மறுநாள் விடிகாலையில் நீ இல்லை.

ஆவணி பிறந்த வாரம் கடையிலிருந்து போன் வந்தது. நீலம் இன்னும் இருக்கிறது மேடம் என்றார் அந்த விற்பனைக்காரர். ஆடி என்பதால் யாரும் எடுக்கவில்லையாம். வேண்டாம் என்றேன். வேறு ஏதாவது வண்டி பிடித்துவிட்டதா என்று கேட்டார். ஓட்டுகிறவர்கள் இல்லை என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, "அந்தத் தலகாணி மேடமா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் காரியத்தன்று பாவா வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "நான்தான் ஆடி ஆடின்னு புடிச்சி வெச்சேன். இல்லன்னா ஒரு தபாவாச்சும் ஓட்டியிருப்பா." நான் பக்கத்தில்தான் நின்றேன். விதி என்றார்கள், யார் கையில் இருக்கிறது என்றார்கள். நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு பேச்சில் அவர் அந்த வாக்கியத்துக்கு வந்து சேர்வார். என்னுடையதை அவர் சுமந்துகொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைத் தடுத்ததை விடவும் எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

சாலையைப் போன மாதம் திறந்தார்கள். முதல் சனிக்கிழமை நான் பாவாவைத் தேடிப் போனேன். மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். உட்காராமல், நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு அந்த வாக்கியத்தை நான் எதற்காகச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் கையைத் தவிட்டிலிருந்து எடுக்கவில்லை. மாடு முட்டியும் அசையவில்லை. நான் போகட்டுமா என்று கேட்கலாம் என்று நினைத்தபோது, எழுந்து கையைக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற என் சின்னக் காரைப் பார்த்தார். ஓட்டுகிற இருக்கையில் உன் தலையணை இருந்தது.

"அந்த ரோட்டுக்குத்தானே போற? வரேன்," என்றார்.

புதுச் சாலையில் எல்லா இடமும் ஒன்றுபோல இருக்கிறது. எனக்குத் தோப்பு தெரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பாதி மூடிய கிணறும் ஒற்றைப் பனையும் மிச்சம் இருக்கின்றன. "பனை வருது பாரு. அங்கேர்ந்துதான்," என்றார். நான் வழக்கம்போல் அறுபதில் போய்க்கொண்டிருந்தேன்.

"வேகமா போம்மா."

மிதித்தேன்.

"இன்னும்."

வண்டி நடுங்கியது. காலடியில் தண்ணீர் பாட்டில் உருண்டது. பனை கடந்ததும் அவர் தெலுங்கில் எண்ண ஆரம்பித்தார். கணக்கு என்றால் அவருக்கு வாயில் தெலுங்குதான் வரும் என்று நீ கேலி செய்வாய். கிணற்றைக் கடந்தோம். மறுகோடியில் இருக்கும் சிறுபாலத்தின் மூட்டில் வண்டி தூக்கிப் போட, என் தலை கூரையில் இடித்தது. பதினான்கில் நிறுத்தினார்.

"அவளா இருந்தா பத்துல முடிச்சிருப்பா," என்றார்.

மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. இறங்கும் வழி வெகுதூரம் தள்ளி இருந்தது. திரும்புவதற்கு வளைத்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பக்கம் மூணு வழி இருக்குதில்ல? அதுவும் நம்ம தோப்பு மேலதான் போவுது."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறோம். உன் தலையணையை நான் எடுக்கவில்லை. எனக்கு அது தேவையில்லை. என் உயரத்துக்கு அதன்மேல் உட்கார்ந்தால் கழுத்தை வளைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. பாலத்தின் மூட்டில் ஒவ்வொரு முறையும் தலை இடிக்கிறது. போன வாரம் பதின்மூன்று வந்தது. அதற்கு மேல் இந்த வண்டியால் முடியாது. நாளை சனிக்கிழமை.